ஆருடைய நடுக்கம்

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு மாசியில் மன்னார்க் கஸ்பர் நின்ற இடமெல்லாம் நிலம் நடுங்கத் தொடங்கியது. அகதியாய் வந்து குடியிருந்த வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ரில் கீழ்வீட்டுச் சனம் இரண்டு தரம் முறைப்பாடு கொடுத்தது. மனிசி செலீன் அலுமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தன்பாட்டில் சமைத்தாள்.

கஸ்பருக்கு பாதர்ஸ்ட் வீதியில், யூதரின் தொழுகைக்கூடமொன்றில் கிளீனிங் வேலை. வியாழக்கிழமைகளில் அங்கே ஏழு கிழவர்கள் மோசேயின் புத்தகங்களை விரித்து வைத்துப் பிடுங்குப்படுவார்கள். அன்றைக்குப் போர்ச் சட்டம். பயந்தவன் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று எழுதியிருந்தது. உருவின வாளைப் பார்க்கேலாதவன்தான் பயந்தவன் என்றார் ஒருவர். இல்லையில்லை, செய்த பாவத்தால் புண்ணியம் கரைந்துபோச்சென்று பயப்படுகிறவன் என்றார் மற்றவர். நிலம் துடைத்துக்கொண்டிருந்த கஸ்பர் மொப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுத்த செவ்வாய் அவருடைய அகதி விசாரணை. ஆமிக்குப் பயம் என்று மட்டும் சொல்லச்சொல்லி லோயர் படிப்பித்திருந்தார். ஆனால் ஷெல் விழுந்த அன்று தம்பி ஜூலியஸைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினவர் இவர். தம்பி செத்தானா இருக்கிறானா தெரியாது. இந்த நடுக்கம் ஆமியாலா, தம்பியாலா?

உவர்களும் சுவாமிமார்தானே என்று நினைத்து, மொப்பைச் சாத்திவிட்டு, முழந்தாளில் நின்று, தம்பியை விட்டுவந்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டார் மனுசன். கிழவர்கள் வெலவெலத்துப்போனார்கள். “எழும்பும் கஸ்பர், மன்னிக்கிற வேலை எங்களிட்டை இல்லை” என்றார் தையல்காரர் ஷ்முவேல். பிறகு பழையபடி சட்டத்துக்கே போனார்கள். புதுவீடு கட்டினவனையும் திராட்சை நட்டவனையும் பெண் பேசினவனையும் சேர்த்து ஏன் திருப்பி அனுப்புகிறது? பயந்தவன் தனியத் திரும்பினால் வெட்கப்படுவான். கூட்டத்தோடு போனால் ஆர் எதற்குப் போகிறான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. இதை மட்டும் ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் ஒன்றை ஒத்துக்கொள்வது அங்கே நடவாத காரியம்.

செவ்வாய்க்கிழமை ஏழு பேரும் பஸ் பிடித்து வந்து விசாரணை அறைக்கு வெளியே வாங்கில் குந்தினார்கள். உள்ளே நிலம் ஆடியதும் அவர்களும் அவரவர் பயத்தை நினைத்து நடுங்கத் தொடங்கினார்கள். ஷ்முவேல் போலந்து ரயிலடியில் விட்டுவந்த தங்கச்சியை நினைத்தார். கட்டடமே குலுங்கியது. உள்ளே விசாரித்த அம்மா, எதற்குப் பயம் என்று கஸ்பரைக் கேட்டார்.

“ஆமிக்கும் பயம், தம்பியை நினைச்சும் பயம். எது எவ்வளவு எண்டு எனக்கு விளங்கேல்லை.”

அம்மா தன் கையைப் பார்த்தார். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

பங்குனியில், இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஜூலியஸைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் கஸ்பர் மொப்பைச் சாத்திவிட்டு எட்டாவது கதிரையில் இருப்பார். தேத்தண்ணியை, சிந்தாமலிருக்க, எல்லாரும் அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள்.