கூப்பிடாத பதினோரு பேர்

அந்த ஆஸ்பத்திரியில் கால் ரத்தக்குழாய்ப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. பத்தடி நடந்தாலே கெண்டைக்கால் கல்லாகப் பிடித்துக்கொண்டு, வழியில் நின்றுவிடுகிறவர்கள் அங்கே வருவார்கள். பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள், மீதிப் பேர் சிகரெட்காரர்கள். இரண்டையும் விடாதவர்களும் உண்டு. அடைத்துப்போன குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதே காலிலிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்து ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டுக்கொடுப்பதில் அங்கிருந்த பெரிய டாக்டர் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியிருந்தார். ஆனால் வெறும் பேரை வைத்துக்கொண்டு அவருக்குத் திருப்தி இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன கால் ஒரு வருஷம் கழித்தும் இருக்கிறதா, நடக்கிறதா என்று ஒருவர் விடாமல் விசாரித்து எழுத வேண்டும் என்றார். அதுதான் ஆராய்ச்சி.

விசாரிக்கும் வேலை சிஸ்டர் கைக்கு வந்தது. பத்தொன்பது வருஷம் வார்டில் ஓடி ஓடித் தேய்ந்தவள். குரல் நிதானமாக இருக்கும், எழுத்து முத்து முத்தாக இருக்கும். லிஃப்டுக்குப் பக்கத்தில், முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து ஒரு மேஜை, ஒரு போன், இருநூற்றுப் பதினான்கு பேரின் பட்டியல் ஆகியவற்றோடு அவளை உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்வி. கால் எப்படி இருக்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், படுத்திருக்கும்போது வலிக்கிறதா, புண் உண்டா, மாத்திரை நடக்கிறதா. பதில் ஏதாவது கோணலாக இருந்தால் மறுநாளே கிளம்பி வரச் சொல்ல வேண்டும்.

முதல் எட்டு மாதம் அவள் மனசார வேலை செய்தாள். நோயாளிகள் காலைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மருமகளைப் பற்றிப் பேசி, மாடிப்படியைப் பற்றிப் புகார் சொல்லி முடிப்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டுவாள்.

அப்புறம் ஒரு நாள் காலை ஒரு வீட்டில் மனைவி போனை எடுத்தாள். "கால் எப்படி இருக்கும்மா அவருக்கு?" என்று சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டாள்.

"எந்தக் காலைக் கேக்கறீங்க? இருக்கறதையா, போன மாசம் புதைச்சதையா?" என்றாள் அந்த மனைவி. பிறகு அவள் சொன்னதெல்லாம் சிஸ்டர் காதில் வெகுநாள் கிடந்தது.

அன்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வாரத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டவள் இரண்டு பேர், ஒருவர் என்று இறங்கினாள். கெடு நெருங்கியபோது பதினோரு பேர் மிச்சம் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய டாக்டர் கதவருகே நின்று, "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று கேட்டார். "முடிஞ்சுது சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போனதும் பேனாவை எடுத்தாள். பதினோரு பெயருக்கும் எதிரே ஒரே வரியை எழுதினாள்: ஒரு கிலோமீட்டர் நடக்கிறார், வலி இல்லை, புண் இல்லை. எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆராய்ச்சி வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் ஒரு வருஷம் கழித்தும் உயிரோடும் காலோடும் இருக்கிறார்கள் என்று அச்சில் ஏறியது. பிரிவில் கேக் வெட்டினார்கள். "இந்த சிஸ்டரோட பொறுமை இல்லன்னா இது நடந்திருக்காது" என்று பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னபோது, அவள் கையிலிருந்த கேக்கைத் தின்னாமலே தட்டில் வைத்தாள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லி அவள் பெயரையும் போட்டிருந்தார்கள். மகள் அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் சிஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நாலு மாதத்தில் அதுவும் பழகிப்போனது.

ஒரு திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவில் ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் இருந்தவர் பெயின்டர். உயரமான கட்டடங்களுக்குக் கயிற்றில் தொங்கி வண்ணம் அடித்தவர். பேன்ட்டின் இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தது. வலது கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமைகளில் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்ப்பது சிஸ்டரின் வேலை. பட்டையைச் சுற்றி, பசை தடவி, பேனா மாதிரியான கருவியை வைத்தாள். உஷ் உஷ் என்று வர வேண்டிய சத்தம் தூரத்து மூச்சாகத்தான் வந்தது.

பெரிய டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் பழைய பதிவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இடது கால் நாங்க ஆபரேஷன் பண்ணினதுதானே? ஒரு வருஷம் கழிச்சு நல்லா நடக்கறேன்னு போன்ல சொல்லியிருக்கீங்களே."

"நானா? என்னை யாரும் கூப்பிடலியே டாக்டர்" என்றார் பெயின்டர்.

"கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னுதான் இவரு உக்காந்திருந்தாரு" என்றாள் மனைவி. "விரல் நெறம் மாற ஆரம்பிச்சுது. இப்பவே போலாம்னு சொன்னேன். பன்னெண்டாவது மாசம் அவங்களே போன் பண்ணுவாங்க, அப்ப சொல்லிக்கலாம்னாரு. போனைப் பாக்கெட்லயே வெச்சிருந்தாரு. வேலைக்கு ஏறும்போதுகூட. அப்புறம் ஒரு நாள் காய்ச்சல்ல விழுந்துட்டாரு. பக்கத்து ஆஸ்பத்திரில காலை எடுத்தாத்தான் உயிருன்னுட்டாங்க."

பன்னிரண்டாவது மாதம் போன் வரும் என்று, வீட்டுக்கு அனுப்பும் அன்று அவருக்குச் சொல்லி அனுப்பியவள் சிஸ்டரேதான். அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள் குனிந்து கணுக்காலில் இருந்த பசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பட்டையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். பெயின்டரை வார்டில் சேர்த்துவிட்டு, பெரிய டாக்டர் புள்ளிவிவரம் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள்.

"கம்ப்யூட்டர்ல வரிசையை மாத்தி ஏத்தியிருக்க நீ. ஒருத்தர் பதிலை இன்னொருத்தர் பேர்ல போட்டிருக்க. எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் மத்தியானம் சிஸ்டர் அந்தப் பெண்ணின் மேஜைப் பக்கம் போனாள். சிஸ்டர் எழுதிய பட்டியலின் நகலைப் பரப்பி, ஸ்கேலை வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கண் சிவந்திருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"சாப்பிடலையாம்மா?"

"பாதிதான் முடிஞ்சிருக்கு அக்கா. இன்னும் தப்பு கிடைக்கல. ஆனா தப்பு என் மேலதான் இருக்கும். நீங்க எழுதினதுல எப்பவும் தப்பு வராது."

சிஸ்டர் திரும்பி, அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று பட்டது. பட்டியலை எடுத்தாள். பெயின்டர் போகப் பத்துப் பேர். முதல் எண்ணை அழுத்தினாள்.

முதல் ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். நன்றாக நடந்துகொண்டிருந்தார். "இவ்வளவு நாள் கழிச்சு ஞாபகம் வெச்சுக் கேக்கறீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று ஐந்து பேர், மறுநாள் காலை ஐந்து பேர். எட்டுப் பேருக்குக் கால் நன்றாக இருந்தது. ஒரு தையல்காரருக்கு வலது கால் இல்லை. ஒரு வீட்டில் மகன் எடுத்து, "அப்பா தவறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க" என்றான். எதற்குக் கூப்பிட்டாள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

முந்தின சாயங்காலமே வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், இளகின மனசுக்காரர். "விடும்மா. ஊர்ல எவன் எல்லாத்தையும் ஒழுங்காப் பண்றான்? பத்தொன்பது வருஷம் மாடா உழைச்சிருக்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் அவளுக்குத் தன்மேல் இன்னும் அருவருப்பு வந்தது.

புதன்கிழமை மத்தியானம் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். நான்தான் பதினோரு பேரைக் கூப்பிடாமலே எழுதினேன். இப்பக் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். இதுல இருக்கு."

அவர் தாளை வாங்கிப் படித்தார். கத்தப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏன் சிஸ்டர்?"

"போன் பண்ணப் பயமா இருந்துச்சு சார்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா வேற ஆளை வெச்சிருப்பேனே."

"உங்ககிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு."

அவர் தாளை இன்னொரு முறை படித்தார். "பதினோரு பேரும் ஒரே மாதிரி ஒரு கிலோமீட்டர் நடக்கறாங்கன்னு இருந்துது. அதை நான் பாத்தேன். ரெண்டு பேர் ஒரே தூரம் நடந்து நான் கண்டதில்ல. ஆனாலும் சந்தோஷமா இருந்துது, கேக்காம விட்டுட்டேன்."

"அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா பெயின்டர் கால் நின்னிருக்குமா சார்?"

"தெரியாது. நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது."

தொண்ணூற்று மூன்று தொண்ணூற்று இரண்டானது, அவ்வளவுதான். இருந்தாலும் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர் பத்திரிகைக்கு எழுதினார். அந்தப் பெண்ணை அழைத்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் மேல் விசாரணை நடந்தது. மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பிறகு கட்டுப்போடும் அறைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்தப் பெண் அதற்கப்புறம் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. எதிரே வந்தால் "வணக்கம் சிஸ்டர்" என்பாள், மரியாதையாக.

நிறுத்திவைத்த உத்தரவு வந்த அன்று, வீட்டுக்குப் போகும் முன் அவள் பெயின்டரின் கட்டில் அருகே போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைக் கூப்பிட வேண்டியது நான்தான். கூப்பிடாமலே, நல்லா நடக்கறீங்கன்னு எழுதிட்டேன்."

பெயின்டர் போர்வையின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "அப்ப காகிதத்துல எனக்கு ரெண்டு காலும் இருக்கு" என்றார். "அந்தக் காகிதத்தை எனக்குக் குடுங்க சிஸ்டர், மாட்டிக்கிட்டு நடக்கறேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். பெயின்டர் சிரிக்கவில்லை. மனைவி உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போயிடுங்கம்மா. நான் வாயை விட்டுடுவேன். நல்ல வார்த்தையா இருக்கும்போதே போயிடுங்க."

சிஸ்டர் மன்னிப்பு என்ற சொல்லைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அந்தச் சொல்லை அங்கே வைக்க இடம் இருக்கவில்லை. தலை குனிந்தபடி வெளியே வந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப்போடும் அறையில் சேர்ந்த முதல் வாரம், பெயின்டர் வந்தார். வலது காலுக்கு மாற்றுவழி போட்டாகிவிட்டது. இடது பக்கம் செயற்கைக் கால், கையில் ஒரு கோல். மனைவி வாசலிலேயே நின்று, "வேற சிஸ்டர் இருந்தா வரச் சொல்லுங்க" என்றாள். சிஸ்டர் தட்டைப் பக்கத்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மூலையில் பஞ்சு வெட்டப் போனாள்.

கட்டுப் பிரித்து, துடைத்து, மறுபடி கட்டி முடிய அரைமணி நேரம் ஆனது. பெயின்டர் எழுந்து, கோலை ஊன்றி மெதுவாக வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று மூலைப் பக்கம் திரும்பினார்.

"பாதம் சூடா இருக்கு சிஸ்டர்" என்றார். "ரெண்டு வருஷமா இப்படி இருந்ததில்ல. எழுதற ஆளு யாரோ, அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோலின் சத்தம் தாழ்வாரத்தில் தேயும் வரைக்கும் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, எழுதுகிற ஆளைத் தேடி இரண்டாம் மாடிக்குப் படியேறினாள்.