முதல் பிரதி

"வெளக்கேத்தறது மலரு. மொதப் புஸ்தகம் வாங்கறதும் மலருதானுங்க. நீங்க கீழ உக்காந்துக்குங்கக்கா," என்றான் சென்றாயன், அக்காளின் முகத்தைப் பார்க்காமலே. மலர் அவன் மனைவி.

கரடியூர் வீட்டின் முன்னறையில் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள். எல்லாம் அக்காள் கண்ணாயி எழுதிய நாவல். புருஷன் செத்தபின் கல்யாண வீடுகளில் அடுப்படியோடு நிறுத்தப்பட்ட ஒருத்தியின் கதை, அவளுடைய கதைதான்.

சென்னைப் பதிப்பகம் ஒன்று அச்சிட முன்வந்தது. முடிவில் அந்தப் பெண் செத்துவிட்டால் வாசகர்கள் உருகுவார்கள் என்றது. கண்ணாயி மறுத்துவிட்டாள். "நாமளே போட்டுக்கலாங்கக்கா. ஒரு எழுத்தக்கூட எவனும் தொட முடியாது," என்று அன்று தைரியம் சொன்னவன் இதே தம்பிதான். கண்ணாயி தன் பங்கு மிளகை விற்று அச்சகத்துக்குக் கொடுத்தாள். பிழை திருத்தினாள், அட்டைக்கு அலைந்தாள். பெயர் தெரியாத ஆளின் புத்தகம் ஓடாது என்று சேலத்துக் கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். வெளியீட்டு விழாவிலாவது விற்கட்டும் என்றுதான் ஏற்காட்டில் மண்டபம் பிடித்திருந்தார்கள்.

"நீ இதப் படிச்சியா, சாமி?"

"படிச்சேனுங்க. அழுதுட்டேனுங்க."

"அப்பறம்?"

"எம் மவ பாப்பாவப் பொண்ணு கேட்டவங்களும் வர்றாங்க. நீங்க முன்னால நின்னா ஒரு மாதிரி நெனப்பாங்க. கத வேறங்கக்கா, நம்ம ஊடு வேற."

ஊர் சொன்னது அவளுக்குப் பழகியிருந்தது. அழுதுகொண்டே படித்தவன் சொன்னதுதான் புதிது.

"சரி, முன்னால போங்க. புஸ்தகத்த நான் ஜீப்புல ஏத்திக்கிட்டு வாரேன்," என்றாள்.

ஜீப் ஏற்காட்டை எட்டியதும், மண்டபத்துக்குப் போக வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கள் என்றாள் டிரைவரிடம். அங்கே சுவரோரம் துண்டை விரித்துப் புத்தகங்களை அடுக்கினாள்.

நாகலூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "யாரு எழுதுனதுங்க?"

"நாந்தானுங்க."

அந்தப் பெண் அவளுடைய பொட்டில்லாத நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க கையால பேரெழுதிக் குடுங்க. மருதாயின்னு."

எழுதி முடிக்குமுன் போன் அடித்தது. "புஸ்தகம் எங்கீங்கக்கா? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்றான் சென்றாயன்.

"மொதப் புஸ்தகத்த மருதாயிக்குக் குடுத்துட்டேன், சாமி. நீங்க உங்க ஊட்டு விசேஷத்தப் பாருங்க."

மண்டபத்தில் மலர் ஏற்றிய விளக்கு நின்று எரிந்தது. மங்கலத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெளியிடத்தான் புத்தகம் இல்லை.