ஓரடி கிழக்கே

தையல் கம்பெனிப் பெண்கள் சங்கம் நடத்திய குழந்தைக் காப்பகம் தினமும் காலையில் அம்மாக்கள் வேலைக்குப் போனதும் ஓரடி கிழக்கே நகரும், மதியம் குழந்தைகள் தூங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கம்பெனி கிழக்கே, தெருக்கோடியில் இருந்தது. கட்டடம் ஏன் அந்தப் பக்கமாகப் போகிறது என்று தெருவில் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. இருபது முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்து அழுதால் எந்தச் சுவரும் சும்மா நிற்காது என்று எதிர்வரிசை சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டார், அதோடு பேச்சு முடிந்தது. தாமதமாக வரும் நாட்களில் பால்காரர் மட்டும் கேனை ஓரடி தள்ளி இறக்கி வைக்கப் பழகிக்கொண்டார்.

காப்பகத்தின் பொறுப்பாளருக்குப் பம்பரம் என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேரிலேயே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு குழந்தைக்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டே காலால் இன்னொன்றின் தொட்டிலை ஆட்டுவாள், சாப்பாட்டையும் நடந்துகொண்டேதான் முடிப்பாள். முன்பு அவளும் அதே கம்பெனியில் தைத்தவள்தான். அப்போது பிள்ளையை விட்டு வர இடமில்லாத பெண்கள் துணிக் கிழிசலால் அதன் இடுப்பை மெஷின் காலோடு கட்டிவிட்டு வேலை பார்ப்பார்கள். ஒரு நாள் பக்கத்து மெஷின் பெல்ட்டுக்குள் ஒரு சின்ன விரல் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்கு உட்கார வரவில்லை. கம்பெனிப் பெண்களைத் திரட்டி, சங்கம் வைத்து, காலியாகக் கிடந்த ஒரு பழைய கிடங்கை மனையோடு வாங்கிக் காப்பகம் ஆக்கியது அவள்தான். குழந்தைகள் அவளை அத்தை என்றார்கள். அத்தை ஊட்டினால் சாப்பிட்டார்கள், அத்தை தட்டினால் தூங்கினார்கள், ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் கண் வாசலில்தான் இருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. இத்தனை செய்தும் கட்டடம் ஒரு நாள்கூட அவள் பக்கம் சாயவில்லையே என்று நினைப்பாள், நினைத்த கையோடு தன்னையே திட்டிக்கொண்டு பால் காய்ச்சப் போய்விடுவாள்.

போவதும் வருவதுமாக இருந்த கட்டடம் எத்தனை நாள் தாங்கும்? சுவரில் விரிசல் ஓடியது. கூரை ஒழுகியது. கழிப்பறைக் குழாயை ஒட்டவைத்தால் மறுநாள் காலையில் பிடுங்கிக்கொண்டு நின்றது. சுகாதாரத்துறையிலிருந்து வந்த பெண்மணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அடுத்த மழைக்குள் கூரையும் கழிப்பறையும் சரியாகாவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று தன்மையாகவே சொல்லிப் போனாள். பூட்டினால் பிள்ளைகள் திரும்பவும் மெஷின் காலுக்குத்தான் போவார்கள். பம்பரம் அன்றிலிருந்து தூக்கத்திலும் கால் ஆட்டினாள்.

லாப நோக்கமில்லாத காப்பகங்களைச் சீர்படுத்த அரசாங்கம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. கூரை, கழிப்பறை, தரை, விளையாட்டு இடம் எல்லாவற்றுக்கும் உண்டு. கட்டடம் சங்கத்தின் மனைக்குள் நிலையாக நிற்க வேண்டும், மானியம் வாங்கினால் பத்து வருடம் இடம் மாறக்கூடாது, மாறினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இதற்கு முன் இரண்டு அதிகாரிகள் காலையில் வந்து அளந்து, கட்டடம் ஓரடி வெளியே நிற்பதைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பம்பரம் காப்பகத்தில் உதவிக்கு இருந்த ஆயாவோடு சேர்ந்து ஒரு யோசனை பண்ணினாள். குழந்தைகளுக்குச் சிலை விளையாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். அத்தை கை தட்டினால் ஆடக்கூடாது, அசையக்கூடாது, வாசலைப் பார்க்கக்கூடாது. பிள்ளைகள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகையின்போது கட்டடமும் மூச்சுக் காட்டாமல் நின்றது.

வந்தவர் இடுப்பில் அளவு டேப்பைச் செருகியிருந்த, அதிகம் பேசாத மனிதர். டேப்புக்காரர் என்று அவருக்கும் அன்றைக்கே பேர் விழுந்துவிட்டது. அவர் நாலு பக்கமும் அளந்தார். எல்லாம் மனைக்குள் இருந்தது. உள்ளே வந்தார். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் இருமவில்லை, ஒன்றும் சொறியவில்லை, ஒருத்தியின் மூக்கில் ஈ உட்கார்ந்தது, அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள். டேப்புக்காரரின் முகம் மாறியது.

"பசங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

"பால்தான் சார்."

"பால்ல என்ன கலந்தீங்க? நானும் பிள்ளை பெத்தவன்தாம்மா. இந்த வயசுல எந்தப் பிள்ளையும் இப்படி உக்காராது."

உண்மையைச் சொன்னால் மானியம் போய்விடும், சொல்லாவிட்டால் மானத்தோடு காப்பகமும் போய்விடும். பம்பரம் வாயைத் திறப்பதற்குள் கம்பெனியில் தேநீர் இடைவேளைக்கான சங்கு ஊதியது. காலையிலிருந்து அடக்கிவைத்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் அம்மா என்றார்கள். கட்டடம் ஓரடியோடு நிற்கவில்லை. படியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, சைக்கிள் கடையின் தகரப் பந்தலை உரசி, கம்பெனியின் பின்சுவர் வரைக்கும் போய், துணிக் கழிவு கொட்டும் காலி மனையில் நின்றது. ஜன்னலுக்கு நேரே ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் கையில் தேநீர்க் கோப்பையோடு அம்மாக்கள் நின்றார்கள். பிள்ளைகள் கம்பி வழியாகக் கையை நீட்டினார்கள், சிரித்தார்கள், சங்கு மறுபடி ஊதியதும் தங்கள் பாட்டுக்கு விளையாடப் போனார்கள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த டேப்புக்காரர் கையை விட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். பழைய இடம்வரை அளந்து பார்த்தார். டேப் போதவில்லை. பம்பரம் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"இது இங்கதான் வரணும்னு நிக்குதுன்னா, அஸ்திவாரத்தையும் இங்கயே போட்டுருக்கலாமேம்மா" என்றார். "இத்தனை நாள் யாருக்கும் தோணலையா?"

யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அன்று மதியம் பிள்ளைகள் தூங்கியதும் கட்டடம் வழக்கம்போலப் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. இடைவேளையில் பெண்கள் பிள்ளையைப் பார்க்கத் தெருவில் ஓடுவது நின்றால் சரி என்று கம்பெனி முதலாளி அந்த மனையைச் சங்கத்துக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தார். மானியம் வந்தது. அஸ்திவாரம் போட்டு முடித்த காலையில் கட்டடம் தானாகவே நடந்து வந்து, கோழி அடையில் உட்காருவதுபோல அதில் இறங்கி உட்கார்ந்தது. புதுக் கூரை ஏறியது. பிள்ளைகள் உயரத்துக்குக் கழிப்பறை கட்டினார்கள், குழாய் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மழை வந்தது, போனது. வருடங்கள் ஓடின. டேப்புக்காரர் வருடம் ஒரு முறை வந்து நாலு பக்கமும் அளந்துவிட்டுப் போவார். கட்டடம் அசையவில்லை. பம்பரம் மட்டும் உட்காரவே இல்லை.

ஒரு மழைக்கால முடிவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் தனி ஆள். எழுந்து நின்றால் தலை சுற்றியது, படுத்தாலோ காப்பக நினைப்பு. பாலை யார் ஆற்றுவார்கள், புதிதாகச் சேர்ந்த பையனை யார் தூங்க வைப்பார்கள் என்று புரண்டுகொண்டே இருந்தாள். வேலைக்குப் போகாத மூன்றாம் நாள் காலையில் வாசலில் எதுவோ உரசும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். காப்பகம் நின்றது. இரண்டு தெருவின் துணிக்கொடிகள் அதன் கூரையில் சுற்றியிருந்தன. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் கிழக்கைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயா, தன்மேல் தப்பில்லை என்பதுபோல, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

பம்பரத்துக்கு முதலில் வந்தது பயம். பத்து வருடம் இன்னும் முடியவில்லை. பயத்துக்குப் பின்னால் அழுகை வந்தது, அதை அவள் தடுக்கவில்லை. அவள் முகத்தைத் துடைப்பதற்குள் தெருமுனையில் டேப்புக்காரரின் ஸ்கூட்டர் திரும்பியது. வருடாந்திர அளவுக்கு வந்தவர், காலி அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு, அறுந்த கொடிகளின் வழியே தேடி வந்திருந்தார். கட்டடத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், போர்வையோடு நின்ற அவளைப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

"ஆமா சார். நான் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

"அவசரமில்ல. சாயங்காலம் சங்கு ஊதறதுக்குள்ள இடத்துல நின்னா போதும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து டேப்பை எடுக்காமலே வண்டியைத் திருப்பினார்.

பம்பரம் படியேறி உள்ளே போனாள். பிள்ளைகள் பாயில் இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். புதிதாகச் சேர்ந்த பையன் அவள் தோளில் தட்டிக்கொண்டே இருந்தான், அவள் தூங்கிப்போனாள். தூங்கினவளைக் குலுக்காமல் கட்டடம் மெதுவாகத் திரும்பி, சாயங்காலச் சங்குக்கு முன்பே போய் அஸ்திவாரத்தில் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறமும் அவள் லீவு போட்ட நாட்களில் அது வந்து போயிற்று. தெருக்காரர்கள் கொடியை மாடிக்கு மாற்றிக்கொண்டார்கள், அவள் வீட்டுக்கு முன்னால் மட்டும் யாரும் வண்டி நிறுத்துவதில்லை.