நாற்பது நிமிடம் பின்தங்கிய அறை

சின்னவள் வேலை செய்யும் அறையில் கடிகாரம் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் பின்தங்கியது. மூன்று கடிகாரங்களை மாற்றிப் பார்த்தார்கள். முன்கூடத்தில் மூன்றும் ஒழுங்காக ஓடின, உள் அறைச் சுவரில் மாட்டியதும் பின்தங்கின. நான்காவதாக ஒன்று வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

கடை பெரியவள் தொடங்கியது. அண்ணனையும் தம்பியையும் கட்டிய ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள், கீழே கணினி பழுது பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகளைப் புதுக் கணினியில் ஓட வைத்துத் தருவது பெரியவளின் தனிச் சரக்கு. அந்த விளையாட்டுகள் மெதுவான இயந்திரங்களுக்காக எழுதப்பட்டவை. அப்படியே போட்டால் குதிரை கண்ணில் படுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும், வீரன் பிறந்த கணமே செத்துக் கிடப்பான். பெரியவள் புதுக் கணினிக்குள் பழைய கணினியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, அதன் வேக எண்ணை ஐம்பது ஐம்பதாகக் கூட்டிக் குறைத்து, ஒலியைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் சரிக்கட்டி, ஒரு விளையாட்டுக்கு நான்கு நாள் செலவழிப்பாள். எந்த விளையாட்டுக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வாங்கிப் போகிறவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்து, ஓடுது, ஆனா அது இல்லை என்பார்கள். எது இல்லை என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

சின்னவள் கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், பொழுது போகாமல் உள் அறையில் உட்கார்ந்து ஒரு ஃப்ளாப்பியைப் போட்டாள். ஒரு எண்ணையும் தொடவில்லை. விளையாட்டு அதன் பழைய வேகத்தில் ஓடியது. மின்விசிறியும் சற்று யோசித்துச் சுற்றியது. ஒருமுறை அவள் கையில் ஓடிய விளையாட்டு, பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வேகத்தை மறக்கவில்லை. வாங்கிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய நண்பர்கள் வந்தார்கள், கல்லாவில் இருந்த பெரியவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, சின்னவங்க இருக்காங்களா என்று கேட்டார்கள். ஒன்பது வருடம் கேட்டார்கள். பெரியவளின் கணவனே தன் பழைய சதுரங்க விளையாட்டை ஒரு நாள் சட்டைக்குள் மறைத்துச் சின்னவளிடம் கொண்டுபோனான்.

பெரியவள் உண்மையில் சின்னவளைவிட நான்கு மாதம்தான் பெரியவள். வருடத்துக்கு முந்நூறு வேலை நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று பெருக்கி, ஒன்பது வருடத்தில் சின்னவள் தன்னைவிட எழுபத்தைந்து நாள் குறைவாக மூத்திருப்பதை அவள் கண்டுபிடித்தாள். அதையும் நோட்டில் எழுதினாள். அதற்குப் பிறகு கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அந்த எழுபத்தைந்து நாளைத் தன் முகத்தில் எங்கே இருக்கிறதென்று தேடினாள். சின்னவள் அக்கா அக்கா என்று கூப்பிடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கடித்தது.

பத்தாம் வருடம் ஒரு பல் மருத்துவர் ஏழு ஃப்ளாப்பிகளோடு வந்தார். ரயில்களைத் தடம் மாற்றி விடும் விளையாட்டு. பெரியவள் முன்கூடத்திலேயே கையை நீட்டினாள். மருத்துவர் கொடுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சின்னவங்ககிட்டயே குடுத்துடறேன். பல்லுன்னா நானே யார்கிட்ட வேணா காட்டுவேன், இது அப்படி இல்ல."

அன்று மாலை சின்னவள் மாடிக்குப் போனதும், பெரியவள் உள் அறைக் கணினியில் வேக எண்ணை மூவாயிரத்திலிருந்து மூன்றாகக் குறைத்து வைத்தாள். ரயில் நகராது, மருத்துவர் முன்னால் சின்னவள் விழிப்பாள் என்பது அவள் எண்ணம். அறையின் மெத்தனமும் எண்ணின் மெத்தனமும் ஒன்றோடொன்று பெருகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. கணக்கில் அவளுக்கு அப்படிப் பிசகுவது அதுவே முதல் தடவை.

மறுநாள் பத்து மணிக்குச் சின்னவள் டீயோடு உள்ளே போய் உட்கார்ந்து விளையாட்டைத் தொடங்கினாள். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபோது, டீயின் ஆவி கோப்பைக்கு மேலே சுருண்டபடி நின்றது. அவள் கணவன் கதவைத் திறந்து தோளைத் தொடக் கையை நீட்டினான். அந்தக் கையை வெளியே எடுக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது. அதுவரை வாசலில் நின்றபடியே இடக்கையால் சாப்பிட்டான். பிறகு யாரும் உள்ளே போகவில்லை.

கல்லாவில் இருந்த கணினியிலிருந்தே உள் அறைக் கணினியின் எண்ணை மாற்றலாம். கேபிள் இழுத்தவள் பெரியவள்தான். ஒரு நிமிட வேலை. மாற்றினால், யார் குறைத்தது என்ற கேள்வி வரும். இன்னொன்றும் இருந்தது, இனி கடைக்கு வருகிறவர்கள் தன்னைத்தான் கேட்டாக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று ஏழு மாதம் சொன்னாள். கொழுந்தன் தாடியோடு கதவருகே உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சாப்பாடு போடும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

ஆனால் யாரும் அவளைக் கேட்கவில்லை. சின்னவளைப் பார்க்க வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சு போட வேண்டியதாயிற்று. பல் மருத்துவர் சிகிச்சை நேரம் முடிந்ததும் வந்து, இன்றைக்கு எத்தனை ரயில் கடந்தது என்று எண்ணுவார். பெரியவளிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பார்கள். உள்ளே சின்னவளுக்கு ஒரு நகம்கூட வளரவில்லை. பெரியவள் நோட்டில் எழுபத்தைந்தை அடித்து, நூறு, நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

இருநூற்று எழுபதைத் தாண்டிய வாரத்தில் ஆட்டம் முடிந்தது. அதுவரை யாரும் எடுக்காத மதிப்பெண். வென்றவர் பெயரை எழுதத் திரையில் நான்கு கட்டங்கள் வந்தன. நான்கிலும் ஆங்கில எழுத்து ஏ நின்றது. மேல்நோக்கிய விசையை அழுத்த அழுத்த எழுத்து மாறும், ஓர் அழுத்தத்துக்கு வெளியே கால்நாள். முதல் கட்டத்தில் ஏ அப்படியே இருந்தது. கொழுந்தன் பெயர் ஏயில்தான் தொடங்கும். அவன் எழுந்து போய்த் தாடியை மழித்துக்கொண்டு வந்தான். இரண்டாம் கட்டம் பி, சி, டி என்று நகர்ந்து மூன்றாம் நாள் கேயில் நின்றது. அவன் பெயரில் கே கிடையாது. வேறு யாரு அது என்று பெஞ்சில் இருந்தவர்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் கட்டம் நகரத் தொடங்கியது. அதுவும் கேயில் வந்து நின்றபோது பெரியவள் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது கட்டத்தில் ஏ ஏற்கெனவே நின்றிருந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு அவள் படித்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தப் பெயரால் அழைக்கப்படுகிறவள் ஒருத்திதான்.

அவள் மூவாயிரம் என்று தட்டினாள்.

ஆவி கலைந்தது. சின்னவள் பாதி குடித்த டீயோடு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். டீ சூடாகவே இருந்தது.

"என்னக்கா, ஒரு கேம்தானே ஆடினேன், அதுக்குள்ள இவ்ளோ பேரு?" என்றாள். பிறகு, "நம்பர நீங்கதானே குறைச்சு வெச்சிருந்தீங்க? ஒன்பது வருஷத்துல எனக்காக நீங்க செட் பண்ணிக் குடுத்தது இது ஒண்ணுதான். அதான் உங்க பேரு போட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். கொழுந்தனும் கேட்டான். அவன் பெரியவளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு மாதம் அவள் சமைத்ததைச் சாப்பிடவில்லை. மூன்றாம் மாதம் சாப்பிட்டான். பல் மருத்துவர் அன்றே விளையாட்டை எடுத்துப்போனார். ஏழு மாதம் போனதைச் சொன்னபோது சின்னவள், என் லைசென்ஸ் காலாவதியாயிருக்குமே என்று மட்டும் கவலைப்பட்டாள். பெரியவள் எதற்குக் குறைத்தாள் என்பது அவளுக்குப் புரிந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கும்போது சொன்னாள்.

"நாலு மாசம் பெரியவங்க, இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. நல்லாவா இருக்கு? நாளையிலேர்ந்து நீங்க உள்ள உக்காருங்கக்கா. அந்த ரூம் பழகிடுச்சு, யாரு உக்காந்தாலும் ஓடும்."

அந்தப் பெருந்தன்மை மீதும் பெரியவளுக்குப் பொறாமை வந்தது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். இருநூற்று எண்பத்தைந்து நாள் ஈடுகட்ட வேண்டும், நாளுக்கு நாற்பது நிமிடம், வருடத்துக்கு அதே முந்நூறு நாள். முப்பத்துநான்கு வருடம் வந்தது. திங்கட்கிழமை தன் நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

முதல் ஃப்ளாப்பி எந்த எண்ணும் இல்லாமல் ஓடியது. மதியத்துக்கு மேல் முன்கூடத்தில் யாரோ, பெரியவங்க இருக்காங்களா என்று கேட்டார்கள். குரல் வெளியிலிருந்து கொஞ்சம் அவசரமாக வந்தது. உள்ள இருக்காங்க, வர நேரமாகும் என்றாள் சின்னவள். பெரியவள் உடனே எழுந்து போகவில்லை. மாலையில் கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் புதுப் பக்கத்தில் நாற்பது என்று எழுதினாள்.