கடைசிக்கண்ணும் புதுத் திரையும்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் மாத்திரைகளோடு மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். எறும்பு வரிசை போன ஈரத் தடம்போல எழுத்து நெருங்கிய தாள். அதை முழுதாகப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப் படித்த இருவர் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். ஒருத்தி அண்ணன் மனைவி, மற்றவள் தம்பி மனைவி. அத்தகைய தாள்களை அச்சிடும் அச்சகம் ஒன்றில், அச்சேறுமுன் கணினித் திரையில் அவற்றைப் படித்துப் பிழை பார்ப்பது அந்த ஓரகத்திகளின் வேலை. வீட்டில் அடுத்தடுத்த அறை. அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை.

மூத்தவளுக்கு அங்கே கடைசிக்கண் என்று பட்டப்பெயர். யார் எத்தனை முறை படித்திருந்தாலும், அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இயந்திரம் ஓடும். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பிடி உயரம் கூடும். இளையவளைக் கைபிடித்து அழைத்துவந்து அந்த வேலையில் சேர்த்தவளும் அவள்தான். நிழலுக்கு நட்ட மரம் ஒருநாள் கூரையில் இடிக்கும் என்று அன்றைக்கு அவள் நினைக்கவில்லை.

இடித்தது ஒரு புள்ளியால். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துத் தாள் அது. 2.5 மில்லி என்று இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் 25 என்று நின்றது. மூத்தவள் அதைச் சரி என்று அனுப்பிவிட்டாள். இயந்திரம் ஓடுமுன் வேறு எதற்கோ அந்தப் பக்கத்தைத் திறந்த இளையவளின் கண்ணில் அது பட்டது. அவள் ஊரைக் கூட்டவில்லை. மூத்தவளின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அந்த சிரப் தாள்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு போலிருக்கு. ஒரு தடவை பாத்துடறீங்களா?"

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாலாவது சண்டைக்குப் போகலாம். இப்படிப் பதமாகச் சொன்னால் யாரோடு சண்டை போடுவது? அந்தப் பதமும் பயன்படவில்லை. பின்னால் நின்ற மேலாளர் காதில் அது விழுந்துவிட்டது.

மறுவாரம் அச்சகத்துக்கு ஒரே ஒரு புதுத் திரை வந்தது. அகலமானது, கண்ணாடிபோல் பளபளத்தது. அது இளையவளின் மேசையில் ஏறிற்று. பொருத்த வந்த மெக்கானிக் அவசரக்காரன். எழுத்தைச் சீராக்கும் அமைப்பைத் திறந்தான். ஒரே வரியை இரண்டு மூன்று விதமாகக் காட்டி, உங்கள் கண்ணுக்கு எது தெளிவு என்று பக்கத்துக்குப் பக்கம் திரை கேட்டது.

"இது உக்காந்து படிக்கிறவங்க பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுக்கணும். எனக்கு இன்னும் மூணு இடம் போகணும்மா" என்று சொல்லிக்கொண்டே, கைக்கு வந்ததையெல்லாம் தட்டிவிட்டுப் போய்விட்டான். மூத்தவள் ஓரக்கண்ணால் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மேலாளர் வந்தார். "அடுத்த மாசத்திலேருந்து கடைசிப் பார்வையை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாருங்களேன். உங்களுக்கும் பாரம் குறையுமில்லையா?"

எவ்வளவு பாரமானாலும் கிரீடத்தை யாராவது பாதி நாள் இரவல் கொடுப்பார்களா? மூத்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வீட்டிலும் அதே பேச்சு.

"சின்னவளுக்கு ஆபீஸ்ல புது டிவி குடுத்திருக்காங்களாமே!" என்றார் மாமியார்.

"டிவி இல்ல அத்தை, கம்ப்யூட்டர் மானிட்டர்."

"ஏதோ ஒண்ணு. உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீதான் இருட்டுலயே ஊசி கோக்கறவளாச்சே!"

இருட்டில் ஊசி கோத்தேன் என்று ஒரு காலத்தில் வீடெங்கும் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவளேதான். இப்போதெல்லாம் பட்டப்பகலில் ஊசியை மகளிடம் நீட்டி, "கை ஈரமா இருக்கு, நீ கோத்துக் குடு" என்று சொல்வது மட்டும் ஏனோ அவள் நினைவுக்கு வரவில்லை. பொறாமைக்கு அடுத்த வீட்டுக் கதவிடுக்கு தெரியும். தன் வீட்டு வாசற்படி தெரியாது.

திரை வந்த நாள் முதல் இளையவள் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவளுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். 'பட்டுமெத்தையில் படுத்தவளுக்கு முதுகுவலியாம்! கண்ணு படாமலிருக்க வேஷம்' என்று மனத்துக்குள் நொடித்தாள். தன் புள்ளி தவறியது பழைய திரையால்; அவள் புள்ளியைப் பிடித்தது குருட்டு யோகத்தால்; இனி அவள் பிடிக்கப்போவதெல்லாம் புதுத் திரையால். இப்படி ஒரு நியாயம் அவளுக்குள் நாளுக்கு நாள் தடித்தது.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூத்தவள் எழுந்து அடுத்த மேசையில் உட்கார்ந்தாள். மெக்கானிக் திறந்த அதே அமைப்பைத் திறந்தாள். 'ஒண்ணும் குடி முழுகிடாது. எழுத்து மங்கினா நாலு நாள் தடுமாறுவா. மாத்தி மாத்திங்கிற பேச்சு தானா அடங்கும். அதுவரைக்கும் எல்லாத் தாளையும் நான்தானே கடைசியாப் பாக்கறேன்' என்று மனச்சாட்சிக்கு ஒரு தாலாட்டுப் பாடினாள்.

உங்கள் கண்ணுக்கு எது தெளிவு என்று திரை கேட்டது. எந்த வரி தன் கண்ணுக்குப் படுமோசமோ அதையே தட்டினாள். தடித்துக் கறுத்து எழுந்து நின்ற வரிகளை ஒதுக்கினாள். நீரில் தொட்டு எழுதினாற்போல் மெலிந்து, மயிரிழையாய் நடுங்கிய வரிகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. முந்தானையால் மேசையைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

இளையவள் வந்து உட்கார்ந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். பின்னுக்குச் சாய்ந்தாள். மறுபடி முன்னுக்கு வந்தாள்.

"யாரு என் கம்ப்யூட்டரைத் தொட்டது?"

மூத்தவள் தன் திரைக்குள் தலையைப் புதைத்தாள். ஏப்பம் விட்டபடி உள்ளே வந்த மேலாளர் சாவகாசமாகச் சொன்னார்: "ஜன்னல் வழியாப் பாத்தேன், கடைசிக்கண் மேடம்தான் ஏதோ தட்டிக்கிட்டிருந்தாங்க. ஏன், கெட்டுப்போச்சா?"

இளையவள் எழுந்து வந்து மூத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கெட்டுப்போச்சா? கத்தி மாதிரி இருக்கு சார் எழுத்து! இத்தனை நாளா மை ஊறின துணியைப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்தத் தலைவலியே அதனாலதான். அக்கா, என் கஷ்டம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே!"

"இதுக்குப் பேருதான் பெரிய மனசு" என்றார் மேலாளர்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தால் பிடித்தவள் என்ன செய்வாள்? பாராட்டுகளை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பழைய திரை மேலதான்க்கா எனக்கு ஒரே பொறாமை" என்றாள் இளையவள், குரலைத் தாழ்த்தி. "மாத்திக்கலாமான்னு கேக்க வாய் வரைக்கும் வரும். புதுசை வேணாம்னா திமிர்னு நினைப்பாங்களேன்னு விட்டுட்டேன்."

இரண்டு கிணறுகளில் இரண்டு தவளைகள் இருந்தனவாம். பௌர்ணமி தோறும் ஒவ்வொன்றும், அடுத்த கிணற்றில்தான் முழு நிலா விழுகிறது, நமக்கு வாய்த்தது அதன் நிழல் என்று பெருமூச்சு விடுமாம். இரண்டும் கூடிப் பேசியிருந்தால் ஒரே இரவில் தீர்ந்திருக்கும் கவலை. பேசினால் அவை தவளைகளாகவா இருந்திருக்கும்?

மூத்தவளுக்கோ வேறொரு முள் குத்தியது. எட்டி இளையவளின் திரையைப் பார்த்தாள். கத்தியாம்! அங்கே அதே மயிரிழைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இளையவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "எனக்குச் செஞ்சீங்கல்ல, உங்களுக்கு நான் வச்சுத் தரேன். சொல்லுங்க, இதா, அதா?"

"அது."

"அதுவா? நல்லாப் பாருங்கக்கா. மை பரவின மாதிரி இருக்கே."

"அப்போ இது."

அடுத்த பக்கத்தில் மூத்தவள் திரையைப் பார்க்கவே இல்லை. பாடம் படிக்காத மாணவி ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடை சொல்வதுபோல, இளையவளின் மூச்சு எந்த வரிக்கு நிற்கிறது, எதற்குத் தளர்கிறது என்று காது கொடுத்து விடை சொன்னாள். எல்லாம் சரியாகவே வந்தது. கிரீடம் தலையிலேயே இருந்தது.

"முடிஞ்சுது! இனிமே பாருங்க" என்று இளையவள் அன்றைய தாளைத் திறந்தாள். பச்சைக் குழந்தைகளுக்கான சொட்டுமருந்து. அளவு சொல்லும் இடத்தில் மூத்தவளின் கண் நின்றது. இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது புள்ளியா, தூசியா? விரலால் துடைத்தாள். போகவில்லை. புள்ளிதான் போலும். சற்றுத் தள்ளி இன்னொரு எண்ணின் நடுவிலும் ஒன்று இருந்தது. துடைத்தாள். அது போய்விட்டது.

அவள் விரல் திரையிலேயே நின்றது. இந்தத் தாளைத்தான் ஒரு தாய் விளக்கடியில் விரித்துப் படிப்பாள். அவளுக்குக் கேட்டுக்கொள்ள அருகில் ஒருத்தியின் மூச்சு இருக்காது.

"ஆமா, எனக்கு எது சரியா இருக்கும்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று இளையவள் விளையாட்டாய்க் கேட்டாள்.

"எனக்கு எது கண்றாவியா இருந்துச்சோ, அதை வச்சேன்."

இளையவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றாள். மூத்தவளின் முகத்தையும், திரையில் பதிந்த விரல் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்பதற்கு அவளிடம் இப்போது இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதைக் கேட்டாள்.

"கண் டாக்டர்கிட்ட போய் எத்தனை வருஷமாச்சுக்கா?"

"போனதே இல்லடி."

"சாயங்காலம் போலாம். நானும் வரேன்."

மூத்தவள் எழுந்தாள். மேலாளர் அறைக்குப் போகும் அந்தச் சிறு வழி அன்று நீண்டுகொண்டே போனது. "கண்ணாடி வர்ற வரைக்கும் கடைசிப் பார்வை அவளுதுதான் சார். நான் சரின்னு விட்ட தாளெல்லாத்தையும் அவ ஒருதரம் பாக்கட்டும்" என்றாள். சொல்லி முடித்தபோது வாய் கசந்தது. வெளியே வந்ததும், அச்சு இயந்திரக்காரர் இளையவளைப் பார்த்து, "என்ன புதுக் கடைசிக்கண், ஓட்டலாமா?" என்று கேட்டது இன்னும் கசந்தது. நல்லது செய்தால் பொறாமை உடனே விலகிவிடும் என்பதெல்லாம் செய்து பார்க்காதவர் சொல்லும் பேச்சு.

பழைய தாள்களில் வேறு பிழை கிடைக்கவில்லை. கண்ணாடி வந்தது. மூத்தவள் அதை மாட்டிக்கொண்டு, யார் மூச்சையும் கேட்காமல், தானே ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தாள். தடித்த வரிகள் இப்போது அழுக்காகத் தெரிந்தன. அன்று வஞ்சத்தோடு பொறுக்கிய மெலிந்த எழுத்தே வந்து கம்பி நறுக்கினாற்போல் நின்றது. இத்தனை அழகான எழுத்தையா அவளுக்குத் தண்டனையாகக் கொடுத்தோம் என்று நினைத்தபோது, சிரிப்பும் சற்றே வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தன.

இளையவள் குனிந்து எட்டிப் பார்த்தாள். "எப்படிக்கா இருக்கு?"

மூத்தவள் திரும்பினாள். கண்ணாடிக்கு நேரே இளையவளின் காதோரம். பல நாள் புழுங்கிய மனத்தில் குளுகுளுவென்று காற்று வீசியது.

"இரு, அசையாதே. ஒண்ணு பிடிச்சுட்டேன்."

"பிழையா? எந்தத் தாள்ல?"

"தாள்ல இல்லடி. உன் தலையில. நரை!"

"ஐயோ! அக்கா, அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

மூத்தவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் நிதானமாகத் துடைத்தாள்.

"நான் எதைச் சொல்லப்போறேன்? எனக்குத்தான் கண்ணே தெரியாதே!"