ஞாயிற்றுக்கிழமை விரல்

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து மூன்று: ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு, பிரெஞ்சு குடியுரிமை, சர்க்கரை வியாதி. வீட்டின் மீது பங்காளிகள் கேஸ் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் போட்டி கிடையாது. பிறந்தால் போதும்.

சர்க்கரைக்குத் தாத்தா தன் ஒரு காலையே கொடுத்தார். பப்பா இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். மம்மாவுக்கு என் அண்ணன் ஆலேன் வயிற்றில் இருந்தபோது வந்தது, அவன் வெளியே வந்த பிறகும் போகவில்லை. பப்பாவின் தங்கை மர்த் அத்தை, இன்சுலினை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் ரத்தத்தைக் குறை சொன்னதில்லை. தாத்தாவுக்கு மாம்பழத்தால் வந்ததாம். பப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அவருக்கு ஜிபூத்தி முகாமின் சமையல்காரனால் வந்ததாம். மம்மாவுக்குக் கவலையால், அத்தைக்குப் புருஷனால். மிச்சம் இருந்தது என் அக்கா கமீய். அவளுக்கு வரவே இல்லை. ஆனாலும் அவளுக்கு வரப்போவது தின்று தின்றுதான் என்று வீடு ஏகமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

கமீய்க்கு இருபத்துநாலு வயது, எண்பத்தெட்டு கிலோ. மிஷன் வீதியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை. எங்கள் வீட்டில் அவளுக்கு வயதைச் சொன்னவர்களைவிட எடையைச் சொன்னவர்கள் அதிகம்.

துலூஸிலிருந்து சித்தப்பா சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பப்பா சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டு விரிப்பார். மெஷின், ஊசி, ஸ்ட்ரிப், பஞ்சு. பீடத்தில் பாதிரியார் அடுக்குவதைவிடச் சுத்தமாக அடுக்குவார்.

"அலே, கமீய். விரல."

அவள் நீட்டுவாள். மெஷின் யோசிக்கும். தொண்ணூற்றொன்று காட்டும். அடுத்த வாரம் தொண்ணூற்றுநாலு. பப்பாவுக்கு முகம் தொங்கிவிடும். ஒரு முறை பேட்டரியை மாற்றிப் பார்த்தார். எண்பத்தொன்பது வந்தது.

"மெஷினுக்கு இன்னா தெரியும்? ஒடம்ப பாத்தாலே தெரியுதே," என்பாள் மர்த் அத்தை. ஞாயிற்றுக்கிழமைக் கேக்கில் கமீயின் துண்டு அத்தையின் தட்டுக்குப் போகும். சர்க்கரை இல்லாதவள் பாகற்காய்ச் சாறு குடிக்க, சர்க்கரை உள்ளவர்கள் கேக் தின்றார்கள்.

ஆலேன் விரலை யாரும் கேட்டதில்லை. அவன் ஒல்லி.

அது 2006. பிரான்ஸ் உலகக் கோப்பையை இத்தாலியிடம் விட்ட வருஷம். அந்தத் துக்கத்திலிருந்து பப்பாவைத் தூக்கி நிறுத்தியது ஆலேன்தான். அக்டோபரில் துலூஸ் போய், சித்தப்பா வீட்டில் தங்கி, பப்பாவைப் போலவே ராணுவத்தில் சேரப்போகிறான். டிக்கெட் போட்டாயிற்று. தினமும் விடியலில் பழைய துறைமுகத்திலிருந்து குருசுக்குப்பம் வரை ஓடினான். நான் சைக்கிளில் பின்னால் போய்த் தண்ணீர் பாட்டில் நீட்டுவேன்.

இரண்டு மாதம் முடிவதற்குள் அவன் ஒன்பது கிலோ குறைந்தான். பெல்ட்டில் ஓட்டை போதாமல், பப்பாவே ஆணி வைத்து அடித்துப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

"அவன பாத்து கத்துக்கோடி," என்றார் கமீயிடம்.

கன்னம் ஒட்டிப்போனதைச் சொல்தா முகம் என்றார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததை நல்ல பழக்கம் என்றார்கள். பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருந்ததையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். களைப்பாக இருக்கிறது என்றான், மம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து குளுக்கோஸ் பவுடர் மூன்று கரண்டி போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் இன்னும் களைத்தான். மம்மா நாலு கரண்டி போட்டாள்.

"பப்பா, அவனுக்கும் ஒருவாட்டி பாருங்க," என்றாள் கமீய்.

"ஓடுற புள்ளைக்கா? ஸ்ட்ரிப்பு இன்னா தெருவுல கெடக்குதா?"

"தண்ணி குடிச்சிக்கினே இருக்கான். எளைச்சிக்கினே போறான்."

"ஒனக்குப் பொறாமடி," என்றாள் அத்தை, கேக்கை மென்றுகொண்டே.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. துண்டு விரித்தாயிற்று. "அலே, கமீய்," என்றார் பப்பா.

கமீய் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல அவனுக்கு."

"வெளயாடாத."

"பத்து வருஷமா பஞ்சாங்கம் மாரி என்னையே பாத்துக்கினு இருக்கீங்க. இன்னைக்கு அவனுக்குப் பாத்தாதான் என் கை வெளில வரும்."

ஆலேன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பப்பாவுக்கு முன்னால் அவன் எப்போதும் தட்டைத்தான் பார்ப்பான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேஜைமேல் வைத்தேன். கனமே இல்லை. கமீய் ஊசியை எடுத்துக் குத்திவிட்டாள். பப்பா எழுந்து அவளை அடிக்கக் கை ஓங்கினார். அதற்குள் மெஷின் யோசித்து முடித்தது.

நானூற்று முப்பத்தெட்டு.

"மெஷினு கெட்டுப்போச்சு," என்றார் பப்பா.

கமீய் தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள். தொண்ணூற்றுமூன்று.

"எனக்கு மட்டும் நல்லா வேல செய்யுது பப்பா."

"குளுக்கோஸ் தண்ணி குடிச்சான் இல்ல, அது கையில ஒட்டியிருக்கும்," என்றாள் மம்மா. ஆலேன் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தான். நானூற்று ஐம்பத்தொன்று.

அத்தை தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அந்த வீட்டில் ஓர் ஒல்லியான மனிதனுக்காகக் கேக் நின்றது அன்றுதான்.

பப்பா துண்டை மடித்தார். ஓரத்துக்கு ஓரம் சரியாக வைத்து மடித்தார். "இந்த விஷயம் வாசப்படி தாண்டக்கூடாது. சர்க்கரன்னு பேர் ஏறிச்சின்னா ஆர்மில வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். நாலு நாளு சோறு கெடையாது. ஓட்டத்த ரெண்டு மடங்காக்கு. தானா எறங்கிடும்."

"பப்பா, அவனுக்கு டாக்டர் வேணும்," என்றாள் கமீய்.

"ஒனக்குதான் வேணும். நீ போய் பாரு."

"சரி பப்பா," என்றான் ஆலேன். ராணுவத்துக்கு வேண்டிய தகுதியெல்லாம் அவனிடம் இருந்தது, கணையத்தைத் தவிர.

மூன்று நாள் வெள்ளரிக்காயும் தண்ணீரும். கமீய் ராத்திரி எடுத்து வந்த இட்லியைக்கூட அவன் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றாள். அக்டோபர் வரைக்கும் பொறுத்துக்கோக்கா என்றான். புதன்கிழமை காலையில் குருசுக்குப்பத்தில், படகுகளுக்கு நடுவே, ஆலேன் ஓட்டத்தை நிறுத்தி மணலில் குந்தினான். வாந்தி எடுத்தான். எடுக்க ஒன்றும் இல்லாமலும் எடுத்தான். அவன் மூச்சில் அழுகின பழத்தின் வாடை அடித்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து அவன் முதுகைத் தடவி, "தம்பி ராத்திரி சரக்கு போட்டிச்சா?" என்று என்னைக் கேட்டாள். அவளுடைய மகன்தான் பைக்கில் எங்களுக்கு நடுவில் ஆலேனை உட்கார வைத்து வீட்டில் இறக்கினான்.

கமீய் வேலைக்குக் கிளம்பி நின்றாள். அவனைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"எலுமிச்ச ஜூஸ் குடு, சரியாயிடும்," என்றார் பப்பா.

"கிளமான், ஆட்டோ கூப்புடு," என்றாள் கமீய் என்னிடம்.

"யாரும் எங்கயும் போகக் கூடாது." பப்பா கதவில் முதுகை வைத்து நின்றார். "இருபத்தோரு வயசுப் புள்ள, எலும்பும் தோலுமா இருக்கான். இவனுக்கு எப்படிடி சர்க்கர வரும்?"

கமீய் சுவரைக் காட்டினாள். பப்பாவின் ஜிபூத்தி படம் அங்கே மாட்டியிருக்கிறது. சீருடை, தொப்பி, துப்பாக்கி. அதில் நின்ற பப்பாவைவிடத் துப்பாக்கிதான் பருமன்.

"அந்த வருஷந்தான ஒங்களுக்கு வந்திச்சி? எவ்ளோ வெயிட் இருந்தீங்க அப்ப?"

பப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒங்க ரத்தம், மம்மா ரத்தம், ரெண்டும் சேந்து வந்திருக்கான். எனக்கும் வரலாம், எனக்குத் தெரியும். பதினாலு வயசுலருந்து காலையில மத்தியானம் ராத்திரி சொல்லிட்டீங்களே, எப்படி மறக்கும்? அவனுக்கு யாராச்சும் ஒருத்தர் ஒருவாட்டி சொன்னீங்களா?"

"கமீய், ஆர்மி…"

"ஆர்மிக்கு உயிரோட ஆள் வேணும் பப்பா. நவுருங்க."

அவர் நகரவில்லை. எண்பத்தெட்டு கிலோ என்று பத்து வருஷமாகக் கணக்குப் பார்த்தவர், அது வந்து மோதினால் எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை. கமீய் ஆலேனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடந்தாள். பப்பாவும் கதவும் சேர்ந்தே திறந்தார்கள்.

ஆட்டோவில் அவன் மூச்சு ஆழமாக, வேக வேகமாக வந்தது. ஓடி முடித்தவனைப் போல. அவனோ என் மடியில் தலை வைத்துக் கிடந்தான். டிரைவர் ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாகப் போனதற்குக் கமீய் அவனைத் திட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவசரப் பிரிவு வரை அவனை அவள்தான் பாதி தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே போனதும் மூச்சு வாங்கி, சுவரில் கை ஊன்றி நின்றாள். அடுத்த நொடியே ஒரு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து அவளுக்குப் பின்னால் நிறுத்தினார். "ஒக்காரும்மா, ஒக்காரு."

நர்ஸ் கமீயை மேலும் கீழும் பார்த்தாள். "சுகர்தான? இவ்ளோ வெயிட்ட வெச்சிக்கினு, கண்ட்ரோலா இருக்க வேணாம்? கைய நீட்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்தில் இருந்த எல்லாக் கண்ணாடியும் உடைந்திருக்க வேண்டும். ஒன்றும் உடையவில்லை. கமீய் வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. பின்னால் பப்பாவின் மோபெட் சத்தம் கேட்டது. அவர் படியேறி வந்து வாசலில் நின்றார்.

ஆலேன் அவரைப் பார்த்தான். பார்த்தபடியே சொன்னான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"சிஸ்டர், அவங்க இல்ல. எனக்குதான் சுகர். நானூத்தி ஐம்பது."

"ஒனக்கா? நீ ஒல்லியாதான இருக்க."

கமீய் சக்கர நாற்காலியை இழுத்து அவன் முழங்காலுக்குப் பின்னால் இடித்தாள். அவன் உட்கார்ந்தான் என்றும் சொல்லலாம், விழுந்தான் என்றும் சொல்லலாம். அதற்குள் அவன் மூச்சின் பழ வாடை, சர்க்கரை முற்றினால் வருவது, நர்ஸுக்கு எட்டிவிட்டது. முகம் மாறி, டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி, பாட்டில் என்று கை ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே கேட்டாள்.

"வீட்ல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அத்தைக்கு. தாத்தாவுக்கு இருந்திச்சி," என்றாள் கமீய். வாசலில் நின்ற பப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒனக்கு?"

"வரலாம் சிஸ்டர். இன்னைக்கு அவன பாருங்க."