எல்லையில் நின்ற தூசி

பெட்டியில் என்ன இருக்கிறது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி எழுது என்று தஹ்மினாவிடம் சொன்னவள் நான்தான். அவளும் எழுதினாள்: ஜெஸ்ஸூர் நகரக் காற்றின் தூசி படிந்த அறுபது ஃபில்டர்கள், ஆராய்ச்சிக்கு மட்டும். எல்லையில் அதைப் படித்த அதிகாரிக்குக் கை ஓடவில்லை. வெளிநாட்டுத் தூசியை மண் கணக்கில் சேர்த்து, வேளாண்மைத் துறைக்காரர்கள் அனுமதி தரும்வரை பெட்டியைக் கிடங்கில் போடச் சொல்லிவிட்டார். அது மார்ச் ஒன்பதாம் தேதி.

நான் பாகீரதி. கொல்கத்தாவில் ஒரு காற்று ஆய்வுக்கூடத்தில் வேலை. தஹ்மினா எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெஸ்ஸூரில் கல்லூரி ஆசிரியை. குளிர்காலம் வந்தால் இந்தப் பிரதேசம் முழுக்கச் செங்கல் சூளைப் புகைதான். எங்கள் அதிகாரிகளைக் கேட்டால் அது அவர்கள் புகை, அவர்களைக் கேட்டால் எங்கள் புகை. இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டத்தான் டிசம்பரும் ஜனவரியுமாக அறுபது நாள், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் காற்றைப் பிடித்தோம். எங்களுக்குக் காலை ஆறு மணி, அவர்களுக்கு ஆறரை. நான் இங்கே மொட்டை மாடியில், அவள் அங்கே மொட்டை மாடியில்.

அந்த அளவு நுட்பமான தராசு அவளிடம் கிடையாது. வெற்று ஃபில்டர்களை நான் இங்கே எடை போட்டுத்தான் அனுப்பியிருந்தேன். தூசியோடு அதே தராசுக்கு அவை திரும்பி வந்தாக வேண்டும். மே மாதம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்த குழு கூடும். இரு பக்கத்துக் கணக்கும் கையில் இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் எல்லையோரச் சூளைகளை இரண்டு மாதம் மூடுவது பற்றி முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு வருடம் நாயாய் அலைந்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வாக்கு அதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத் தூசியில் ஒரு பங்கு சூடு பட்டால் ஆவியாகிவிடும். அதனால்தான் ஐஸ் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அந்த ஐஸ் நான்கு நாள் தாங்கும்.

என் கணவன் ஜெய்ராம் இருபது வருடமாகக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குக் காகிதங்களோடு குப்பை கொட்டுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"யாரு உங்களைத் தூசின்னு எழுதச் சொன்னா? யூஸ்டு ஃபில்டர் பேப்பர்னு போட்டிருந்தா ஒரு மணி நேரத்துல வந்திருக்கும்."

"பொய் எழுதச் சொல்றயா?"

"பேப்பர்தானேடி அது? இதுல என்ன பொய்?"

அன்று முழுக்க அவனோடு நான் பேசவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஏப்ரலில் மூன்று தடவை ஐஸ் கட்டிகளைத் தெர்மோகோல் பெட்டியில் சுமந்துகொண்டு பொங்காவ் லோக்கல் ரயில் ஏறி எல்லைக்குப் போனேன். தகரக் கூரை போட்ட கிடங்கு. சீல் வைத்ததைத் திறக்கக் கூடாதாம், சரி, பக்கத்திலாவது ஐஸை வைக்கிறேன் என்றேன். சரக்கு நனைந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். காவலாளி நல்ல மனுஷன், "போஷுன் தீதி", உட்காருங்கள் அக்கா என்று நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் கம்பி வழியாகப் பெட்டி தெரிந்தது. அதன் மேல் வெயில் விழுந்திருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பும்போது ரயிலில் மீன்கூடையோடு ஏறிய ஒரு அம்மாளுக்கு ஐஸ் முழுவதையும் கொடுத்தேன். அவளுக்காவது உபயோகப்பட்டது.

மே பதினொன்றாம் தேதி, அனுமதி கிடைத்துப் பெட்டி வந்தது. சீல் அப்படியே இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அறுபதையும் எடை போட்டேன். ஜனவரி நான்காம் தேதி, பக்கத்து மசூதியின் கோபுரமே தெரியவில்லை என்று தஹ்மினா இருமிக்கொண்டே ஃபோன் செய்திருந்தாள். அந்த நாளின் ஃபில்டரில், எங்கள் மாடியில் பிடித்ததில் பாதிகூட இல்லை. மற்ற நாட்களும் அப்படித்தான். ஆறு வருடத்தில் நாங்கள் சுத்தம் செய்த ஒரே காற்று அந்தப் பெட்டிக்குள் இருந்ததுதான்.

எங்கள் தலைவர் தேபாசிஷ்தா தாளைப் புரட்டிப் பார்த்தார். "நம்பர் வந்தாச்சு இல்லையா? கொடுத்துடு. நல்ல ரிசல்ட்டுன்னு ப்ராஜெக்ட்டை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். செல்லாதுன்னு எழுதினா இதோட மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"இதை அப்படியே கொடுத்தா, அங்கே புகையே இல்லைன்னு அர்த்தம் ஆயிடும்."

"நீ ஒண்ணும் சொல்லலையே. தராசு சொல்றது."

தஹ்மினாவை அழைத்தேன். நாங்கள் பேசுவது வங்காளத்தில்தான்.

"எவ்வளவு வந்தது தீதி?"

சொன்னேன். அவள் சண்டை போட வேண்டும், வேறு வழி இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அறுபது விடியற்காலை, நான்கு மாடி ஏறி இறங்கியவள்.

"அது நான் பிடிச்ச காத்து இல்ல தீதி. செல்லாதுன்னே எழுதிடுங்க."

எழுதினேன். அறுபது ஃபில்டர், அறுபது தடவை. சேமிப்பில் வெப்பம் தாக்கியதால் இந்த அளவீடுகள் செல்லாது என்று குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டோம், இன்னொரு குளிர்காலம் கேட்கலாம் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை.

குழு கூடியது. ஜூன் முதல் வாரம் தீர்மானம் வந்தது. ஃபோனில் தஹ்மினாவுக்குப் படித்துக் காட்டினேன்: எல்லையைத் தாண்டிப் புகை செல்வதற்குச் செல்லத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே சூளைகள் வழக்கம்போல் இயங்கலாம், கூட்டு ஆய்வு இத்துடன் நிறைவு பெறுகிறது.

"இப்படி எழுத ஏதாவது ஆதாரம் காட்டணுமே தீதி," என்றாள் தஹ்மினா. "எதைக் காட்டியிருக்காங்க?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இணைப்பு ஒன்று என்று போட்டு, கீழே என் கையெழுத்து.

"என் கடிதத்தை," என்றேன்.